நாலு பிள்ளைக்கும் சமமாகப் பங்கு வைத்தும் சண்டை ஓயவில்லை: உங்கள் வீட்டில் என்ன வழி?

மூணாறு தலைப்பு அம்மா கேட்கிறார்:

வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு அருகே ஒரு கிராமம். எனக்கு நாலு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அடுத்தவன் ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மூன்றாமவளுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை, அங்கன்வாடிக்குப் போகிறாள். கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அவனுக்கு வகுப்பு எதுவும் இல்லை, ஆனால் வீட்டில் இருக்கிற பாடப் புத்தகம் எல்லாவற்றையும் கிழித்து முடித்துவிட்டான். "ஏன் நாலு?" என்ற கேள்வியை ஊரில் எல்லோரும் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, இங்கே வேண்டாம்.

பிரச்சினை பங்கு. சொத்துப் பங்கு இல்லை, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. தோசை, பஸ்ஸில் ஜன்னலோரம், டிவி ரிமோட், அப்பாயி பக்கத்தில் படுக்கிற இடம், எக்ஸெல் வண்டியில் முன்னால் நிற்கிற இடம், யார் முதலில் குளிப்பது, யார் கடைசியில் குளிப்பது. ஆமாம், இரண்டுக்கும் சண்டை உண்டு.

போன வாரம் இவர் திருவையாறு போய்விட்டு வரும்போது அரைக் கிலோ அசோகா வாங்கி வந்தார். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் போட்டுக் கிண்டுகிற அந்த அல்வாதான், தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள். குழிக்கரண்டியில் தலைதட்டி நாலு கிண்ணத்தில் வைத்தேன். மூத்தவள் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி, தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தாள். இரண்டாமவன், "அவளுக்கு நெய் ஜாஸ்தி" என்றான். மூன்றாமவளுக்கு அல்வாவைப் பற்றிக் கவலை இல்லை, தனக்கு ரோஸ் கிண்ணம் வரவில்லை என்று உருண்டு அழுதாள். இந்த வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே கடைக்குட்டி மூன்று கிண்ணத்திலும் விரலை விட்டுவிட்டான். என் மாமியார் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எச்சில் பண்ணிட்டான்ல, இனிமே யாருக்கும் வேணாம்தானே, இங்க கொடு" என்று ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இப்போது ஐப்பசி மழை வேறு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மூத்தவள் என் போனைப் பிடுங்கிக்கொண்டு கலெக்டர் லீவு விட்டாரா என்று பார்க்கிறாள். பக்கத்து மாவட்டத்துக்கு விட்டு நமக்கு விடவில்லை என்றால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பெய்யேன்" என்கிறாள். அறுப்புக்கு நிற்கிற குறுவை நெல்லை நினைத்து இவர் அதே வாசலில் நின்று வேறு மாதிரி வேண்டிக்கொள்கிறார்.

பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி எல்லா ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் காலை உணவு வந்தது நினைவிருக்கும். மற்றவர்களுக்கு அது என்னவோ, எனக்கு அது காலையில் எட்டுத் தோசை மிச்சம். லீவு விட்டால் அந்த எட்டும் திரும்பி வந்துவிடுகிறது, நாலு பேரும் அடுப்படியில் நிற்கிறார்கள். முதல் தோசை யாருக்கு? கல் சூடேறாமல், ஒட்டிக்கொண்டு, பிய்ந்துதான் வரும் முதல் தோசை. அதற்குப் போட்டியே இருக்காது என்று நினைப்பீர்கள். அதற்குத்தான் அடிதடி. முழுசாக வருகிற இரண்டாம் தோசையைச் சீந்த ஆள் இல்லை.

அப்புறம் இந்த பஸ் கதை. மன்னார்குடிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் இல்லை. கண்டக்டர் மூன்றாமவளைப் பார்த்து, "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார், சும்மா பேச்சுக்குத்தான். அவளோ அக்கா ஜன்னலோரம் பிடித்துவிட்ட கோபத்தில் இருந்தாள். "எனக்குப் பத்து. இவளவிட நான்தான் பெரியவ. இவள எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "பத்து வயசுக்கு டிக்கெட் எடுக்கணுமே" என்றார். "அக்காகிட்ட வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் கேள்வி இதுதான். எல்லாவற்றையும் சமமாகத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் ஒவ்வொருவரும் தனக்குத்தான் குறைவு என்று நம்புகிறார்கள். மூன்றும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்" என்று எழுத நினைப்பவர்கள், ஒரு மழை நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டுப் போகலாம். காபி தருகிறேன்.

இன்னொன்று. ஒருத்தருக்குச் சளியோ பேதியோ வந்தால் நாலு பேருக்கும் வந்துவிடுகிறது. அதில் மட்டும் யாருக்கும் பங்கு குறைவதில்லை. அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

கும்பகோணம் டீச்சர்:

வெட்டுகிறவர் கடைசியில் எடுக்க வேண்டும். இது ஒன்றுதான் எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கு மூன்று பையன்கள். எதைப் பங்கு போட்டாலும் ஒருவன் வெட்டுவான், மற்ற இரண்டு பேர் முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிஞ்சியது வெட்டியவனுக்கு. துண்டு பெரிதும் சின்னதுமாக இருந்தால் நஷ்டம் அவனுக்குத்தான். அதனால் அவனே உயிரைக் கொடுத்துச் சமமாக வெட்டுவான். நாம் நடுவில் போக வேண்டியதில்லை.

சின்னவன் மைசூர்பாகு வெட்டிய அன்றைக்கு ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டு வந்துவிட்டான். ஸ்கேல் வைத்து, நூல் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு (மைசூர்பாகின் மேல்), அவன் முடிப்பதற்குள் பெரியவன் காபியையே இரண்டு தடவை சூடு பண்ணிக் குடித்துவிட்டான். உதிர்ந்த தூளையும் மூன்றாகப் பிரித்தோம்.

பாயசம் மாதிரித் தண்ணியாக இருப்பதற்கும் இது நடக்கும், ஊற்றுகிறவன் கடைசி டம்ளரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உங்கள் இரண்டு வயதுக்காரரிடம் சட்டம் செல்லாது. அவர் கிண்ணத்தை முதலிலேயே நிரப்பி வேறு அறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

ஒத்தைப் பிள்ளைக்காரன், தஞ்சாவூர்:

மூன்று இருந்தால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒன்றுதான். மன்னிக்கவும். ஆனால் என் மகன் ஒரு பிஸ்கட்டை வலது கையிலும் ஒரு பிஸ்கட்டை இடது கையிலும் வைத்துக்கொண்டு, "இந்தக் கைக்குப் பெருசு" என்று அழுகிறான். உங்கள் வீட்டில் இரண்டு பேரைச் சனி, ஞாயிறு அனுப்பி வைத்தால் அவனுக்குச் சண்டை போட ஆள் கிடைக்கும்.

கோரையாற்றுக் கடைமடை:

அம்மா, உங்கள் பெயரைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன இல்லையா, அந்தக் கோரையாறு கடலைப் பார்த்துப் போகிற முத்துப்பேட்டைப் பக்கம்தான் நாங்கள். நீங்கள் குளித்துவிட்ட தண்ணீர்தான் எங்களுக்கு வரும், வந்தால்.

எங்கள் வீட்டில் என் பிள்ளைகள் மூன்று, அண்ணன் பிள்ளைகள் இரண்டு, ஆக ஐந்து. பதினோரு வயதிலிருந்து மூன்று வயது வரை. ஒரே சமையல், ஒரே டிவி, ஒரே பாத்ரூம். உங்களுக்கு நடப்பது எல்லாம் எங்களுக்கும் நடந்ததுதான். சமமாகப் பிரிப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். முறை வைத்துவிட்டோம்.

ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது எல்லா மதகு ஷட்டரையும் சமமாகத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஆற்றில் மட்டமே ஏறாது. மட்டம் ஏறாவிட்டால் வாய்க்காலுக்குள் தண்ணீர் நுழையாது. எல்லோருக்கும் கொஞ்சம் என்று சொல்லி யாருக்கும் இல்லாமல் போகும், கடைசியில் இருக்கிற கடைமடைக்கு ஈரம்கூட வராது. அதனால்தான் மேட்டூரில் இருப்பு குறைந்த வருஷங்களில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறைப்பாசனம் வைக்கிறார்கள். முறை வரும்போது வாய்க்கால் நிறைய வரும். மற்ற நாளில் வராது என்று தெரிந்திருப்பதால் மனதும் அடங்கும். பிள்ளைகளும் இதேதான். அவர்களுக்கு அல்வா குறைவது பிரச்சினையே இல்லை. ஒரு நாளாவது தனக்கு என்று முழுசாக எதுவும் வருவதில்லை, அதுதான் குறை.

நாங்கள் வைத்திருக்கிற முறை இது. திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஒரு நாள். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் எல்லாம். முதல் தோசை, ரிமோட், வண்டியில் முன்னிடம், ஜன்னலோரம், அப்பாயி பக்கத்துப் படுக்கை, யார் எப்போது குளிப்பது என்ற உத்தரவு. எதிலாவது சண்டை வந்தால், "இன்னைக்கு யார் நாள்?" என்று ஒரு கேள்விதான் கேட்போம். வேறு விசாரணை கிடையாது.

சும்மாவும் கொடுப்பதில்லை. நாள்காரர்தான் கோழிக் கூட்டைத் திறக்க வேண்டும், எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்ப வேண்டும், கன்றுக்குட்டிக்கு வைக்கோல் போட வேண்டும், மூன்று வயதுக்காரியின் செருப்பைத் தேடிக் கொடுக்க வேண்டும். கடைசி வேலைதான் கஷ்டம். அந்தச் செருப்பு ஒரு தடவை குதிருக்குள் கிடைத்தது.

சின்னதுகளுக்குக் கிழமை தெரியாது. அதனால் நாள்காரர் தோளில் என் பச்சைத் துண்டு இருக்கும். கூட்டத்துக்கெல்லாம் போட்டுக்கொண்டு போகிற துண்டு. இப்போது எனக்கு அது கிடைப்பதில்லை. மூன்று வயதுக்காரி தன் நாளில் அதைப் போட்டுக்கொண்டு, தரையில் இழுபட இழுபட, இடுப்பில் கை வைத்து நடப்பதைப் பார்த்தால் மறியலுக்குப் போகிற மாதிரியே இருக்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. மூத்தவள் தன்னை லஸ்கர் (ஷட்டரைத் திறந்து மூடுகிற ஆள்) என்று நினைத்துக்கொண்டாள். யார் நாளாக இருந்தாலும் ஷட்டர் தன் கையில்தான் என்று அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். தன் நாளைத் தவிர வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டோம். ஒரு நாளில் ஆறு நாள் அதிகாரத்தையும் சேர்த்துப் பண்ணிவிடுகிறாள்.

அதைவிடப் பெரிய சிக்கல் அண்ணன் மகன். எட்டு வயது. தன் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்து என் மகளிடம் ஒரு பம்பரம் வாங்கினான். அடுத்த செவ்வாய்க்கு நாலு கோலி. இப்படியே போய், தை வரைக்கும் அவனுடைய செவ்வாய்க்கிழமைகள் முழுவதும் என் மகள் பெயருக்கு மாறிவிட்டன. எங்களுக்குத் தெரியாது. கோடுபோட்ட நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு அப்பாயி கைநாட்டு. எங்கள் அம்மா எட்டாவது வரை படித்தவர், அழகாகக் கையெழுத்துப் போடுவார். பிள்ளைகள் சினிமாவில் பார்த்துவிட்டுக் கைநாட்டுதான் வேண்டும் என்று கேட்டார்களாம், அவரும் ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்திக் கொடுத்துவிட்டார். பையன் ஒரு செவ்வாய்க்கிழமை துண்டு கிடைக்காமல் அழுத பிறகுதான் நோட்டு வெளியே வந்தது. என் அண்ணன் பஞ்சாயத்துப் பண்ணி, கடனைத் தள்ளுபடி செய்தார். என் மகள் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. சட்டப்படி பார்த்தால் அவள் பக்கம்தான் நியாயம், பம்பரத்தைக் கொடுத்திருக்கிறாளே. நாளை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை அப்பாயி நாள், அவர் விரும்புகிற சீரியல். ஞாயிறு யார் நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வயலுக்குப் போய்விடுவேன்.

பாபநாசம் நர்சம்மா (ஓய்வு):

தங்கச்சி, உன் கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். நாலு பிள்ளை வீட்டில் நான் அடிக்கடி பார்த்தது, காய்ச்சல் வந்தால் நாலு பேருக்கும் ஒரே மூடி மருந்து ஊற்றுவது. அல்வாவைச் சமமாக வை, தப்பில்லை. மருந்தைச் சமமாக வைக்காதே. பாராசிட்டமால் எடைக்குத் தக்கபடிதான், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கும் 24 கிலோ பிள்ளைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். சிரப்பிலும் 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் என்று வேறு வேறு உண்டு. பெரியவளுக்கு வாங்கி மிச்சம் வைத்ததைப் பாட்டிலைப் படிக்காமல் சின்னவனுக்கு ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். பாட்டிலில் பெயரையும் மருத்துவர் சொன்ன மில்லியையும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிவிடு. நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். நாலு பிள்ளை இருக்கிறதே என்று பொடியை நாலாகப் பிரித்து டம்ளரில் போடுவதைப் பார்த்திருக்கிறேன், உப்பு அளவு மாறிப்போகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. கடைக்குட்டிக்கு ஸ்பூனால் நிதானமாகக் கொடு, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் கொடு. துத்தநாக மாத்திரை கொடுத்தால் பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். பிள்ளை துவண்டு போனாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதே.

பேன் பற்றி நீ எழுதவில்லை, ஆனால் நாலு தலையும் ஒரே பாயில் படுக்கிறது என்றால் இருக்கும். ஒரு தலைக்குப் பார்த்தால் பிரயோசனம் இல்லை, ஒரே நாளில் நாலு தலைக்கும், உன் தலைக்கும், மாமியார் தலைக்கும் பார்க்க வேண்டும். ஈறு பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால் அந்தக் கணக்கில் இன்னொரு தடவை. குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பார்கள். ஒரு வயது முதல் இரண்டு வயது வரை பாதி, அதற்கு மேல் முழு மாத்திரை. அதற்கும் உன் மகள் "அவனுக்கும் ஏன் முழுசு" என்று கேட்டால் என்னிடம் அனுப்பு.

கடைசியாக ஒன்று. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, வாய்க்கால் நிரம்பி இருக்கிறது. நாலு பேரில் மூன்று பேர் சத்தம் கேட்டால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். எண்ணிப் பார். இரண்டு வயதுப் பிள்ளை மூழ்கிப்போக ஆறு வேண்டியதில்லை, பாத்ரூம் வாளி போதும். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வை. கொல்லையில் கிடக்கிற கொட்டாங்குச்சியையும் கவிழ்த்து வை, அது கொசுவுக்காக.

எக்ஸெல்லில் முன்னால் நிற்கவைப்பது பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். 9 மாதம் முதல் 4 வயது வரை பிள்ளைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற வாரும் வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று 2022ல் விதி போட்டாகிவிட்டது. கடைமடைத் தம்பி, உனக்கும்தான்.

மன்னார்குடி அப்பாயி:

(அப்பாயி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பேத்தி.)

நாங்கள் கூடப்பிறந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் வீட்டில் எட்டுத் தட்டு கிடையாது, அதனால் எந்தத் தட்டில் எவ்வளவு என்று பார்க்கவும் வழி கிடையாது. எங்கள் அப்பாயி பெரிய பேசினில் சாதத்தைப் போட்டு, மத்தியானம் மிஞ்சிய வத்தக்குழம்பை ஊற்றிப் பிசைந்து, நடுவில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டுவோம். உள்ளங்கையில் உருண்டை வந்து விழும். நடுவில் கட்டைவிரலால் குழி பண்ணி அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். வாயில் போட்டு முழுங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். யாருக்குப் பெரிய உருண்டை என்று பார்த்துக்கொண்டிருந்தால் நம் சுற்று போய்விடும். கதையும் சொல்லிக்கொண்டே போடுவார், சண்டைக்கு நேரம் ஏது.

எனக்கு மட்டும் அப்பளத் துண்டு ஒளித்து வைத்துக் கொடுப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, எட்டுப் பேரும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உன் மாமியாரைப் பிசையச் சொல். அல்வா வாங்கிச் சாப்பிட்டாரே, வேலையும் செய்யட்டும்.

(கடைசி வரியை எழுத வேண்டாம் என்றேன். எழுது என்கிறார்.)

மூணாறு தலைப்பு அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பதிலைப் படித்தேன். ஆனால் மூத்தவள் படித்துவிட்டாள், படித்ததை அப்படியே அவரிடம் சொல்லியும்விட்டாள். அன்றைக்கு ராத்திரியே பேசினை எடுத்துவிட்டார். உருண்டை நன்றாகப் போகிறது. பாவைக்காய் பொரியலைக்கூட உள்ளே வைத்து உருட்டிவிடுகிறார், எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாத வித்தை.

நர்சம்மா, பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன், மூன்று சிரப், மூன்றும் வேறு வேறு அளவு. பெயர் ஒட்டிவிட்டேன். பேன் விஷயம் நீங்கள் சொன்னதுதான், மேற்கொண்டு எழுதவில்லை. ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது, கடைக்குட்டி அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான்.

டீச்சர், வெட்டுகிறவர் கடைசி என்பதை அதிரசத்துக்கு வைத்துப் பார்த்தேன். இரண்டாமவன் வெட்டினான். நாலும் சமமாக வந்தது. சமமாக இருக்கிறது என்பதால் யாருக்கும் எடுக்க மனம் வரவில்லை, எது பெரிது என்று கால் மணி நேரம் தேடினார்கள். அந்த நேரம் வீடு அமைதியாக இருந்தது, எனக்கு அது போதும்.

கடைமடை அண்ணா, முறை வைத்துவிட்டோம். துண்டுக்குப் பதில் என் மாமனாரின் பொன்னாடை. திங்கள் முதல் வியாழன் வரை பிள்ளைகள், வெள்ளி மாமியார். சனிக்கிழமை தனக்கு வேண்டும் என்று இவர் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன், நிஜமாகவே பொன்னாடையைப் போட்டுக்கொண்டு நியூஸ் சேனல் பார்க்கிறார். அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் ஒரு நாள் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றியது. ஞாயிறு என்னுடையது. முதல் தோசையை நான் சாப்பிட்டேன், நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிய்ந்துதான் இருந்தது. நன்றாக இருந்தது.

ஆனால் இரண்டு வழக்கு தீரவில்லை. தன் நாளில் மழை லீவு விட்டால் அந்த நாள் கணக்கில் வராது, அடுத்த வாரம் இரண்டு நாள் வேண்டும் என்கிறாள் மூத்தவள். லீவு நாளில் நாள்காரர் பார்க்கிற வேலை ஜாஸ்தி என்பது அவள் வாதம். இரண்டாவது, தீபாவளி யார் நாளில் விழுந்தாலும் மற்ற மூன்று பேரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. உங்கள் ஐந்து பேர் எப்படி?

கோரையாற்றுக் கடைமடை:

மழை லீவுக்கு முறை கிடையாது அம்மா. ஆற்றில் வெள்ளம் வரும்போது எந்த லஸ்கரும் முறை பார்ப்பதில்லை, எல்லா ஷட்டரும் தூக்கித்தான் இருக்கும். அன்றைக்கு ஐந்து பேரையும் திண்ணையில் விட்டு, தெருவில் ஓடுகிற தண்ணீரில் கப்பல் விடச் சொல்லிவிடுவோம். நோட்டில் எவ்வளவு தாள் மிச்சம் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அந்தக் கைநாட்டு நோட்டு அப்படித்தான் தீர்ந்தது, என் மகளுக்குத் தெரியாமல்.

தீபாவளி எங்கள் வீட்டில் அப்பாயி நாள். கிழமை எதுவாக இருந்தாலும் அவர்தான் எண்ணெய் வைப்பார், அவர் கூப்பிடுகிற வரிசையில்தான் குளியல். அதில் யாரும் வாய் திறப்பதில்லை. பட்டாசைப் பிரிக்கிற வேலை மட்டும் என் தலையில் வந்து விழும். கம்பி மத்தாப்பை எண்ணிக் கொடுத்துவிடலாம், புஸ்வாணத்தையும் எண்ணலாம். சரவெடி ஒன்றே ஒன்றுதான் வாங்குவோம், அதை ஐந்து பேரும் வெடிக்க வேண்டும். டீச்சரம்மா, ஆயிரம் வாலாவை வெட்டுகிறவன் கடைசியில் எடுப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்லுங்கள்.